குடும்ப அட்டையில் குறைந்துவரும் பெயர்கள்

கொருக்குப்பேட்டையில் எங்கள் பாட்டி குடியிருந்த வீட்டைக் காலி செய்தபோது, தகரப் பெட்டியின் அடியில் பழைய ரேஷன் கார்டு ஒன்று கிடைத்தது. மண்ணெண்ணெய்க்கும் பாமாயிலுக்கும் போட்ட முத்திரைகளால் தாள்கள் நைந்துபோயிருந்தாலும் பெயர்ப் பட்டியல் தெளிவாகவே இருந்தது. தாத்தா, பாட்டி, தாத்தாவின் தாயார், எட்டுப் பிள்ளைகள் என மொத்தம் 11 பெயர்கள். பாட்டி பெற்றது பத்து, இரண்டு தங்கவில்லை. அந்த எட்டுப் பேருக்குப் பிறந்த நாங்கள் இன்று தண்டையார்பேட்டையிலும் மாதவரத்திலும் மணலியிலும் தனித்தனிக் குடும்பங்களாக இருக்கிறோம். எங்களில் எவருடைய ஸ்மார்ட் கார்டிலும் நான்கு பெயருக்கு மேல் இல்லை. பாதிக்கு மேற்பட்டவற்றில் மூன்றுதான்.

எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததுதான் உலகத்துக்கும் நேர்ந்திருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் உலகில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து குழந்தைகள் பிறந்தன. 2024-ல் ஐ.நா. மன்றம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அந்தச் சராசரி 2.25. தென்கொரியாவில் 1970-ல் ஏறத்தாழ 10 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 2023-ல் பிறந்தவை சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் மட்டுமே. இது ஏன் நடந்தது, இதனால் என்ன விளையும் என்பதைப் பார்ப்பதற்கு முன், செய்திகளில் அடிபடும் எண்களின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இந்த விஷயத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி, எண்ணைத் தவறாகப் படித்ததால் வருபவை.

பிறப்பு வீதம் என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் புழங்குகிறோம். ஓர் ஊரில் ஆயிரம் பேருக்கு ஓராண்டில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்பது ஒன்று. முதியவர்கள் நிறைந்த ஊரில் இந்த எண் தானாகவே குறைந்துவிடும் என்பதால், ஒப்பிடுவதற்கு இது அவ்வளவாக உதவாது. மற்றொன்று மொத்தக் கருவள வீதம் எனப்படுவது. இந்த ஆண்டில் ஒவ்வொரு வயதிலும் உள்ள பெண்களுக்கு எத்தனை குழந்தைகள் பிறக்கின்றனவோ, அதே கணக்கில் ஒரு பெண் 15 வயதிலிருந்து 49 வயது வரை வாழ்ந்தால் அவளுக்கு மொத்தம் எத்தனை குழந்தைகள் பிறந்திருக்கும் என்பதை இது சொல்கிறது. இந்தக் கட்டுரையில் இனி வரும் வீதமெல்லாம் இந்த இரண்டாவது வீதமே.

இது ஓராண்டின் நிழற்படம்தானே ஒழிய, எந்தப் பெண்ணின் வாழ்க்கைக் கதையும் அல்ல. ஜப்பானில் 1966-ஆம் ஆண்டு அவர்களுடைய பஞ்சாங்கப்படி நெருப்புக் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கையால் பலர் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட, வீதம் அந்த ஓராண்டு மட்டும் 1.58-க்கு விழுந்து, மறு ஆண்டே மீண்டும் எழுந்தது. 'சித்திரை அப்பன் தெருவிலே' என்று சொல்லி, ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்துவிடும் நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வியப்பும் அச்சமும் ஜப்பானியருக்கு 1989-ல்தான் வந்தன. எந்த நம்பிக்கையும் தடுக்காத சாதாரண ஆண்டு ஒன்றில் வீதம் 1.57 ஆகி, நெருப்புக் குதிரை ஆண்டையும் விடக் கீழே போய்விட்டது. தள்ளிப்போடுதல் வேறு, வேண்டாம் என்று முடிவு செய்தல் வேறு என்பதை அந்நாடு அப்போது உணர்ந்தது. 2024-ல் ஜப்பானின் வீதம் 1.15.

ஒரு சமுதாயம் வெளியூராரின் வரவு இல்லாமல் தன் எண்ணிக்கையைக் காத்துக்கொள்ளத் தேவையான வீதம் 2.1. தாய்க்கும் தந்தைக்கும் பதிலாக இருவர் என்றால் 2 போதாதா என்று கேட்கலாம். ஆண் குழந்தைகள் இயற்கையாகவே சற்று அதிகமாகப் பிறக்கின்றன. பிறக்கும் பெண் குழந்தைகளில் சிலர் தாயாகும் வயதை எட்டுவதில்லை. அந்த இரண்டு குறைகளையும் ஈடுகட்டத்தான் அந்தப் புள்ளி ஒன்று. குழந்தைச் சாவு மிகுந்த நாடுகளுக்கு 2.1-ம் போதாது.

தமிழ்நாடு இந்தக் கோட்டை 1993 வாக்கிலேயே தாண்டிக் கீழே வந்துவிட்டது. கேரளம் அதற்கும் ஐந்தாண்டு முன்பு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு நமது வீதத்தை 1.8 என்கிறது, ஆண்டுதோறும் எடுக்கப்படும் மாதிரிப் பதிவு முறை 2020-க்கு 1.4 என்கிறது. இரண்டும் வேறு வேறு முறைகளில் எடுக்கப்படுபவை என்பதால் ஒன்றோடொன்றைக் கலந்து ஒப்பிடக் கூடாது. ஆனால் இரண்டும் 2.1-க்குக் கீழே என்பதில் ஐயமில்லை. இந்தியா முழுமைக்கும் அந்த ஆய்வின் கணக்கு 2.0, பீகாருக்கு 3.0.

2.1-க்கும் 1.4-க்கும் இடையில் உள்ளது கேட்பதற்குச் சிறிய வேறுபாடாகத் தெரியும். நூறு பெண்களும் நூறு ஆண்களும் உள்ள ஒரு தெருவை நினைத்துக்கொள்வோம். 1.4 வீதத்தில் அவர்களுக்கு 140 பிள்ளைகள். அவர்களில் பாதி பெண்கள் என்று கொண்டால், அந்த 70 பெண்களுக்கு 98 பிள்ளைகள். 200 தாத்தா பாட்டிகளுக்கு மொத்தம் 98 பேரப்பிள்ளைகள். இரண்டே தலைமுறையில் தெரு பாதியாகிவிட்டது. தென்கொரியாவின் 2023-ஆம் ஆண்டு வீதமான 0.72-ஐப் போட்டால் அதே 200 பேருக்கு மிஞ்சும் பேரப்பிள்ளைகள் 26 பேர்.

அப்படியானால் நம் தெருக்களில் கூட்டம் ஏன் குறையவில்லை? வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்தவர்கள் மக்கள்தொகை சுருங்குகிறது என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். வீதம் இறங்கினாலும், முந்தைய தலைமுறையில் ஏராளமாகப் பிறந்தவர்கள் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று இரண்டு பெற்றாலும் கூட்டுத்தொகை பெரிது. பிரேக் போட்ட பிறகும் சரக்கு ரயில் சற்றுத் தூரம் ஓடித்தான் நிற்கும் என்பது கொருக்குப்பேட்டை யார்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இந்தியாவின் மக்கள்தொகை 2060-களின் தொடக்கத்தில் சுமார் 170 கோடியைத் தொட்ட பிறகுதான் இறங்கத் தொடங்கும் என்றும், உலக மக்கள்தொகை 2080-களின் நடுவில் ஏறத்தாழ 1,030 கோடியில் உச்சத்தை எட்டும் என்றும் ஐ.நா. கணிக்கிறது.

இனி காரணங்களுக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முந்தியது, பிறந்த பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை. 1971-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 முதல் பிறந்தநாளைக் காணாமலே இறந்தன. 2020-ல் அது இந்திய அளவில் 28 ஆகவும் தமிழ்நாட்டில் 13 ஆகவும் குறைந்தது. பத்துப் பெற்றால் எட்டுப் பிள்ளையாவது மிஞ்சட்டும் என்று பாட்டி கணக்குப் போட்டுப் பெற்றதாக நான் சொல்லமாட்டேன். அவருக்கு அப்படிக் கணக்குப் போடும் உரிமையே இருக்கவில்லை. ஆனால் தடுப்பூசியும் மருத்துவமனைப் பேறுகாலமும் பரவிய பின் வந்த தலைமுறைக்கு, இரண்டு பெற்றால் இரண்டும் இருக்கும் என்ற உறுதி கிடைத்தது. பெரும்பாலான நாடுகளில் பிறப்பு வீதம் நிலையாகக் குறைந்தது அந்த உறுதி வந்த பிறகுதான் எனலாம்.

அடுத்த காரணத்தில்தான் நான் சற்று நிற்க விரும்புகிறேன். ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல் 1970-களில் முன்வைத்த ஒரு கருத்து, வடசென்னையில் வளர்ந்த எவருக்கும் சட்டென்று விளங்கும். ஒரு குடும்பத்தில் உழைப்பும் பணமும் பிள்ளைகளிடமிருந்து பெற்றோரை நோக்கிப் பாயும் வரை, பிள்ளைகள் அதிகமாக இருப்பது இலாபம். அந்த ஓட்டம் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை நோக்கித் திரும்பிய நாளிலிருந்து பிள்ளைகளின் எண்ணிக்கை குறைகிறது. எங்கள் பெரிய மாமா பன்னிரண்டு வயதில் லேத் பட்டறைக்குப் போனார். அடுத்தவர் துறைமுகத்தில் எடுபிடி வேலைக்கு. வாரக்கூலி நேராகப் பாட்டியின் கைக்கு வந்தது. காசிமேட்டில் ஒரு பையன் வலை பின்னவும் ஐஸ் உடைக்கவும் பழகிவிட்டால், அவன் வீட்டுக்கு ஓர் ஆள் பலம். பிள்ளை வயிற்றோடு வந்தாலும் இரண்டு கையோடும் வந்தான்.

அந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது பள்ளிக்கூடம். காமராசர் காலத்தில் 1956-ல் தொடங்கிய மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பட்டறைக்குப் போகவிருந்த பிள்ளைகளை வகுப்பறைக்கு இழுத்தன. பின்னி மில் 1996-ல் மூடப்பட்டபோது, படிக்காமலே அப்பனின் வேலை மகனுக்குக் கிடைக்கும் என்ற பழைய வழியும் பெரம்பூர் வட்டாரத்தில் ஏறக்குறைய அடைபட்டது. இனி படிப்புதான் சோறு என்றான பின், பிள்ளை என்பது இருபது இருபத்திரண்டு ஆண்டுகள் செலவு மட்டுமே வைக்கும் உறவாகிவிட்டது. எல்.கே.ஜி. சீட்டுக்குக் கட்டும் தொகை, வேன் கட்டணம், டியூஷன், பிறகு இன்ஜினியரிங் காலேஜ். எட்டுப் பேருக்கு அரைகுறையாகச் செய்வதா, ஒருவனுக்கு முழுமையாகச் செய்வதா என்ற கேள்வியைப் பெற்றோர் தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள். எண்ணிக்கைக்கும் தரத்துக்கும் இடையிலான இந்தத் தேர்வைப் பொருளியலில் வகுத்துச் சொன்னவர் கேரி பெக்கர். 1992-ல் நோபல் பெற்றவர். தென்கொரியாவில் இது எல்லை கடந்துவிட்டது: பள்ளி முடிந்து இரவு வரை நீளும் தனியார் டியூஷன் நிலையங்களுக்குக் கொட்டும் பணத்தை நினைத்தே பலர் ஒரு பிள்ளையோடு நிறுத்துகிறார்கள், அல்லது அதற்கும் முன்பே நிறுத்திவிடுகிறார்கள்.

மூன்றாவது, பெண்ணின் கையில் முடிவு வந்து சேர்ந்தது. இந்தியா 1952-லேயே அரசு சார்ந்த குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. நெருக்கடி நிலைக் காலத்தில் வட மாநிலங்களில் அது வன்முறையாகவே மாறி, 1976-77-ல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. தமிழகத்தின் பாதை பெரும்பாலும் வேறாக அமைந்தது. பிள்ளைப்பேறு பெண்ணின் விடுதலையைப் பறிக்கிறது, அதனால் கருத்தடை வேண்டும் என்று பெரியார் 1930-களிலேயே பேசியும் எழுதியும் வந்தார். நாட்டின் வறுமையையோ தாயின் உடல்நலத்தையோ காரணம் காட்டாமல் பெண்ணின் சுதந்திரத்தையே காரணமாகக் காட்டியதுதான் அவர் வாதத்தின் புதுமை. குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னமான சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்ற வாசகமும் சுவர்தோறும் வந்தது பிறகுதான். இன்று தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பெரும்பாலும் 21, 22 வயதில் மணமாகி, இருபத்தாறுக்குள் இரண்டு பெற்று, இரண்டாவது பேறுகாலத்தோடு ஆபரேஷனையும் முடித்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் நம் அக்காமார்களும் அத்தைமார்களும்.

இங்கே ஒரு பொதுவான தவறைத் திருத்தியாக வேண்டும். பெண்கள் படித்து வேலைக்குப் போனதால்தான் பிறப்பு குறைந்தது என்று சலித்துக்கொள்வோர் உண்டு. படிப்புக்குப் பங்கு உண்டு என்பது உண்மையே. ஆனால் தமிழகத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களிடையேயும் பிறப்பு வேகமாகக் குறைந்தது. மாதச் சம்பள வேலைக்கே போகாத பெண்களும் இரண்டோடு நிறுத்தினார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பாவில் நிலைமை இந்தப் புலம்பலுக்கு நேர் எதிராகவே இருந்தது: பெண்கள் அதிகம் வேலைக்குச் சென்ற சுவீடனிலும் பிரான்சிலும் குழந்தைகள் அதிகம்; வீட்டில் இருக்கச் சொன்ன இத்தாலியிலும் ஸ்பெயினிலும் குறைவு.

கிழக்காசியாவில் குறைவு வேறு வழியில் வருகிறது. நம் ஊரில் எல்லோரும் மணம் செய்துகொண்டு இரண்டோடு நிறுத்துகிறார்கள். அங்கே மணமே நடப்பதில்லை, நடந்தாலும் முப்பதைத் தாண்டி நடக்கிறது. மணத்துக்கு வெளியே பிள்ளை பெறுவதை ஜப்பானும் கொரியாவும் இன்னும் ஏற்காததால், திருமணம் குறைந்தால் பிறப்பும் உடனே குறைகிறது. வீட்டு விலை, முடிவில்லாத வேலை நேரம், மருமகள் மீது விழும் வீட்டுவேலைச் சுமை ஆகியவற்றைக் கண்டு ஒதுங்கும் இளம்பெண்களை யாரும் குறை சொல்ல முடியாது. சென்னையிலும் இதன் முதல் அறிகுறிகள் தெரிகின்றன. ஒற்றை அறை வாடகை வீட்டில் அண்ணனும் அண்ணியும் இருக்க, தம்பியின் கல்யாணம் தள்ளிக்கொண்டே போகும் வீடுகள் எங்கள் தெருவிலேயே மூன்று இருக்கின்றன.

கருத்தரிப்பு மைய விளம்பரங்களைப் பார்த்து, மலட்டுத்தன்மைதான் முதற்காரணம் என நினைப்போரும் உண்டு. உலகில் வயது வந்தோரில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தைப்பேறின்மையைச் சந்திப்பதாக உலக நலவாழ்வு அமைப்பு 2023-ல் கூறியது. தள்ளிப்போன மணம் அந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. ஆயினும் ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கிய பெருஞ்சரிவு, மக்கள் விரும்பித் தேர்ந்ததன் விளைவே.

விளைவுகளில் நல்லவற்றை முதலில் சொல்லிவிடுவது நேர்மை. அடுத்தடுத்த பேறுகாலத்தில் உடல் தேய்ந்து இறந்த பெண்களின் எண்ணிக்கை குறைந்தது. பிள்ளைகளின் சுமை குறைந்து, உழைக்கும் வயதினர் மிகுந்திருக்கும் இரண்டு மூன்று பத்தாண்டுகள் ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு முறை வாய்க்கின்றன. தென்கொரியாவும் சீனாவும் வளர்ந்தது அந்த இடைவெளியில்தான். தமிழகமும் அதில்தான் இருக்கிறது, ஆனால் அதன் பிற்பகுதியில்.

ஏனெனில் அந்த இடைவெளி முடியும்போது, அதே உழைப்பாளிக் கூட்டம் முதியோர் கூட்டமாகிவிடும். சிக்கல் எண்ணிக்கையில் இருப்பதைவிட வேகத்தில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து. 65 வயதைக் கடந்தோரின் பங்கு நூற்றுக்கு 7-லிருந்து 14 ஆக பிரான்சுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. தென்கொரியாவுக்குப் பிடித்தது 18 ஆண்டுகள். பிரான்ஸ் அதற்குள் ஓய்வூதியத்தையும் முதியோர் மருத்துவத்தையும் நிதானமாகக் கட்டியெழுப்பியது. நம்மிடம் அந்த நிதானம் இல்லை. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2021-லேயே நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர். இவர்களில் பெரும்பாலோர் மூட்டை தூக்கியும் மீன் விற்றும் கொத்து வேலை செய்தும் வாழ்ந்தவர்கள், பி.எஃப். என்ற சொல்லையே சம்பளச் சீட்டில் பார்த்திராதவர்கள். அரசின் முதியோர் உதவித்தொகை 2023-ல் உயர்த்தப்பட்ட பிறகும் மாதம் 1,200 ரூபாயாகத்தான் இருந்தது. பாட்டியின் கடைசி ஐந்தாண்டுகளை எட்டுப் பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒற்றைப் பிள்ளையும் ஒற்றைப் பிள்ளையும் மணம் செய்துகொண்ட வீட்டில், இரண்டு பேர் நான்கு முதியவர்களைப் பார்க்க வேண்டும். நடைமுறையில் அந்த இருவரில் பெண்ணே பார்க்கிறாள்.

ஜப்பானில் இதன் காட்சிகள் ஏற்கனவே வெளிப்பட்டுவிட்டன. அங்கே 65-ஐக் கடந்தோர் நூற்றுக்கு 29 பேர். ஆளில்லாத வீடுகள் 2023 கணக்கெடுப்பில் 90 லட்சம். 2024-ல் ஒரு பெரிய காகித நிறுவனம், உள்நாட்டில் குழந்தைகளுக்கான டயப்பர் தயாரிப்பை நிறுத்திவிட்டு முதியோருக்கான டயப்பரில் கவனம் செலுத்தப்போவதாக அறிவித்தது. ஆள் குறையும் இடத்துக்கு ஆள் வருவதும் இயல்பான விளைவு. சென்னை ஓட்டல்களிலும் மெட்ரோ பணியிடங்களிலும் காசிமேட்டு விசைப்படகுகளிலும் வெளிமாநில இளைஞர்கள் இருப்பதை, அவர்கள் நம் வேலையைப் பறித்தார்கள் என்று சிலர் படிக்கிறார்கள். காசிமேட்டுப் பிள்ளைகள் படித்துக் கரையேறிய இடத்தில்தான் அவர்கள் ஏறியிருக்கிறார்கள் என்றே நான் படிக்கிறேன்.

நமக்கென்று தனியாக ஓர் அரசியல் விளைவும் உண்டு. மக்களவைத் தொகுதிகளின் மாநில எண்ணிக்கை 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் 1976-ல் உறைய வைக்கப்பட்டது. அந்த உறைவு பின்னர், 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டிக்கப்பட்டது. அதை விலக்கி மக்கள்தொகைக்கேற்பப் பங்கிட்டால், 39 தொகுதிகள் கொண்ட தமிழகத்தின் குரல் ஒப்பளவில் சிறுக்கும். 2024 அக்டோபரில் சென்னையில் நடந்த திருமண விழாவொன்றில் அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் 'பதினாறும் பெற்று' என்ற வாழ்த்தை இந்தக் கவலையோடு இணைத்து நகைச்சுவையாகப் பேசினார். அந்தப் பதினாறு கல்வி, செல்வம், நோயின்மை போன்ற பேறுகளே ஒழியப் பதினாறு பிள்ளைகள் அல்ல என்பதையும் அவரே அங்கு குறிப்பிட்டார்.

அரசுகள் சொன்னால் பிள்ளை பெறுவார்களா? ருமேனியா 1966-ல் கருக்கலைப்பையே தடை செய்தது. வீதம் ஓராண்டில் 1.9-லிருந்து 3.7-க்குத் தாவியது. பெண்கள் மறைவான வழிகளைத் தேடிக்கொள்ள, சில ஆண்டுகளில் அது சரிந்துவிட்டது. மறைவுக் கருக்கலைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் மாண்டதுதான் அந்தச் சட்டத்தின் மிச்சம். சீனா ஒற்றைப் பிள்ளைக் கொள்கையை 2016-ல் கைவிட்டு, 2021-ல் மூன்று வரை பெறலாம் என்றது. 2022-லிருந்து அந்நாட்டின் மக்கள்தொகையே குறைந்துவருகிறது. ஹங்கேரி வரிச்சலுகைகளை வாரி வழங்கியதில் வீதம் 1.2-லிருந்து 1.6 வரை ஏறி, மீண்டும் 1.4-க்குக் கீழே வந்துவிட்டது. பேறுகால விடுப்பும் குழந்தைக் காப்பகமும் தாராளமாக உள்ள பின்லாந்திலேயே 2010-ல் 1.87 ஆக இருந்தது 2023-ல் 1.26. காப்பகங்களும் விடுப்பும் பயனற்றவை என்று இதற்குப் பொருளில்லை. இரண்டாவது பிள்ளை வேண்டும் என்று விரும்பியும் முடியாமல் தவிக்கும் பெண்ணுக்கு அவை தேவை. தொகுதிக் கணக்குக்காக அவளைப் பெறச் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. பெறாதே என்று ஐம்பது ஆண்டுகள் சொல்லி, ஆபரேஷன் மேசையில் படுக்க வைத்ததும் அவளைத்தான்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு வரும் நர்ஸம்மா, எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறார்கள், எந்தக் குழந்தைக்குச் சொட்டு மருந்து பாக்கி என்று கேட்டுக்கொண்டே போவார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் தொடங்கிய பின் இப்போது வருபவரின் பையில் இருப்பது பிரஷர் பார்க்கும் கருவியும் சர்க்கரை மாத்திரையும். சென்ற வாரம் அவர் எங்கள் வரிசையில் ஒன்பது வீடுகளில் நின்றார். ஏழு வீடுகளில் கதவைத் திறந்தவர் தனியாக இருந்த ஒரு முதியவர்.